ஏழுமலையின் ரத்தத்துக்கு ஷேடு பார்த்த கதை

என்னைக் கேட்டால் சர்க்கரைக்கு நிறம் உண்டு. ரோஜா நிறம். இதை இப்போது ஆய்வகத்தில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ரத்தக் குழாயை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் காகிதத்தில் எண்ணாக வந்து விழுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பது இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது.

போன மாதம் நந்தினி போன் செய்தாள். ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் இருக்கும் தனியார் மருத்துவமனையில் நான் பார்த்த லேப் டெக்னீஷியன் வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். "மேடம், வர்ற பேஷண்ட்ல பாதிப் பேரு வினிகர் குடிக்கலாமா, வெந்தயம் முழுங்கலாமா, குரோமியம் மாத்திரை போடலாமான்னு என்னையே கேக்கறாங்க. சாயப்பட்டறைக்காரர் கேஸ்னு ஒண்ணு சொல்லுவீங்களே, அத்த முழுசா சொல்லுங்களேன்" என்றாள். போனில் சொல்லி மாளாது. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது வேலூரில். கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ். அந்தப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நரம்பைத் தேடும்போது கை நடுங்கக் கூடாது, எதையும் கண்ணால் மதிப்பிடக் கூடாது என்ற இரண்டையும்தான் அங்கே கற்றேன். முதலாவது சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவதை ஆரணிக்கு வந்த பிறகு அந்த மருத்துவமனை டாக்டரம்மாவிடம்தான் கற்றேன்.

முதலில் ரோஜா நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை பார்ப்பதற்கென்று சாம்பல் நிற மூடி போட்ட குழாய் உண்டு. அதில் ஒரு உப்பு தடவியிருக்கும். இல்லாவிட்டால் குழாயில் இருக்கிற ரத்த அணுக்களே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றுவிடும், அணுக்களுக்கும் பசிக்கும்தானே. ரத்தத்தைச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். அதில் ஒரு துளியை எடுத்து மருந்து நீரில் விட்டு, உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் நிறம் மெல்ல எழும்பி வரும். சர்க்கரை குறைவென்றால் வெளிர் ரோஜா. அதிகமென்றால் அடர்ந்து சிவப்பை எட்டிப் பார்க்கும். பிறகு அதைக் கருவியில் வைத்து அளப்போம். எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ, அந்த நிறம் எழும்புவதை வேடிக்கை பார்க்கிற ஆசை மட்டும் கடைசி நாள் வரை விடவில்லை.

டாக்டரம்மா குழாயைப் பார்க்கவே மாட்டார். "கலர் உங்க சந்தோஷத்துக்கு. எனக்கு நம்பர் குடுங்க" என்பார். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் கத்தி நான் கேட்டதில்லை. நோயாளி எதிரில் உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்பார். "எப்பவும் போலதாங்க" என்று பதில் வரும். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் நோயாளியே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்குவார். காலையில் நாலு தோசை, பத்து மணிக்கு ஒரு போண்டா, பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு ஜாங்கிரி. இரண்டாவது ஜாங்கிரி வெளியே வர இன்னும் கொஞ்சம் மௌனம் வேண்டும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. சாப்பிட்ட பிறகு பார்க்கிற சோதனைக்கு வருகிறவர்கள் மருத்துவமனை வராந்தாவில் எங்கள் கண்ணெதிரேதான் சாப்பிட வேண்டும். வீட்டில் சாப்பிட்டு வருகிறேன் என்று போகிறவர்கள் சோதனை நன்றாக வரவேண்டுமென்று அரை இட்லியோடு எழுந்துவிடுவார்கள். பரீட்சையில் காப்பியடிப்பது மாதிரிதான். எங்கள் கேன்டீன் இட்லியை ஆரணியில் யாரும் புகழ்ந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே இட்லி.

ஏழுமலை அண்ணன் இந்த வராந்தாவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நெசவுக்காரர் ஒரு சாம்பிள் துணியைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்றால் கொதிக்கிற தொட்டியில் அதே நிறத்தை எடுத்துக் கொடுப்பார். விரல் இடுக்கெல்லாம் நீலமும் மாம்பழ மஞ்சளும். ஊசி குத்துமுன் பஞ்சால் எத்தனை துடைத்தாலும் அது போகாது. "அது அழுக்கு இல்ல மேடம், தொழிலு" என்பார்.

அவருடைய கூடப்பிறந்த அண்ணனும் சாயக்காரர்தான். ஈரத்திலேயே நின்று நின்று காலில் வந்த ஒரு சின்னப் புண், சர்க்கரையால் ஆறாமல் போய், கணுக்காலுக்கு மேலே காலையே எடுக்கும்படி ஆகிவிட்டது. ஏழுமலையும் நாள் முழுக்க வெந்நீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர். தனக்கும் சர்க்கரை என்று தெரிந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கால எடுத்துடுவாங்களா மேடம்?" என்பதுதான். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சொன்னார். மாத்திரையை வேளைக்குப் போட்டு, செருப்புப் போட்டு, சாப்பாட்டைக் கவனித்தால் கால் காலாகவே இருக்கும் என்றார். மாத்திரையை ஏழுமலை ஒருநாளும் விடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை ஆய்வகக் கதவு திறந்திருந்தது. தாங்கியில் வரிசையாக ரோஜாக் குழாய்கள் நின்றன. வாசலில் நின்றபடியே அவர் கேட்டார்.

"இது இன்னா மேடம், ஒரே கலர்ல இத்தினி ஷேடு போட்டு வெச்சிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எண் என்றால் அவருக்கு ஒன்றும் ஒட்டாது. ஆனால் ஷேடு என்றால் சொந்தக்காரர் வீட்டுச் சங்கதி மாதிரி. அன்றிலிருந்து ரிப்போர்ட்டை வாங்குமுன் தன் குழாயை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவார். விதிப்படி காட்டக் கூடாதுதான். ஆனால் தன் ரத்தத்தைப் பார்க்க இத்தனை ஆசைப்பட்ட இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை. காட்டினேன்.

முதலில் பல மாதங்கள் அடர்ந்த நிறம்தான். "எறங்கவே மாட்டேங்குதே" என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார். அப்புறம் ஒரு தடவை வந்தபோது கொஞ்சம் வெளுத்திருந்தது. அடுத்த தடவை இன்னும் வெளுப்பு. "பாத்தீங்களா மேடம், தெளிஞ்சுகினு வருது!" என்று வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். வந்தவாசியிலிருந்து வந்த ஒரு பெரியவர், அப்படி என்னதான் சாப்பிடுகிறாய் என்று அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். ஏழுமலை சிரித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் சந்தோஷம். டாக்டரம்மாவுக்கு மட்டும் இல்லை.

"விஜயா, இவரு எடை எவ்ளோ குறைஞ்சிருக்கு பாத்தீங்களா?" என்றார்.

"சர்க்கரை வந்தா எடை குறையும்தானே மேடம்?"

"சர்க்கரை ஏறி எடை எறங்கினா எனக்குப் புரியும். ரெண்டும் சேந்து எறங்குதுன்னா, சாப்பாடு எங்க போச்சு?"

அன்று அவரை வராந்தாவில் சாப்பிடச் சொன்னார். ஏழுமலையோ, பட்டறையில் தொட்டி கொதிக்கிறது, ஜல்தியா போகணும், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார். அன்று திரும்பி வரவே இல்லை.

அடுத்த முறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்து எலும்பு சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. நான் அவருடைய துளியை விட்டு வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். திரும்பி வந்தால் அந்தக் குழாயில் நிறமே இல்லை.

மருந்து நீர் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் குழாய்களைப் பார்த்தேன். அவை நன்றாகவே சிவந்திருந்தன. சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனை நீர் ஒன்று எங்களிடம் எப்போதும் இருக்கும். அதையும் ஏழுமலையின் துளியையும் சேர்த்து மறுபடி வைத்தேன். சோதனை நீர் காட்ட வேண்டிய அளவை அப்படியே காட்டியது. ஏழுமலையின் குழாய் மறுபடியும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. தப்பு என் கையில் இல்லை, மருந்திலும் இல்லை, அந்த மனிதருக்குள்தான் என்று தெரிந்தது.

வெளியே ஓடினேன். சட்டை தொப்பலாக நனைந்திருக்க, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நாக்குக் குழறியபடி கேட்டார். "ஷேடு எப்பிடி கீது மேடம்? இன்னிக்கு சுத்தமா தெளிஞ்சிருக்கும்."

டாக்டரம்மா வந்துவிட்டார். குளுக்கோஸ் தண்ணீரைக் கலக்கி நானே அவர் வாயில் வைத்தேன். ஒரு மடக்கு உள்ளே போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தார். பாதி தண்ணீர் என் புடவையில் கொட்டியது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். கட்டிலில் கிடத்தி நரம்பு வழியாக ஏற்றச் சொன்னார். நரம்பு கிடைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே குத்தினேன். கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கி, கண் தெளிந்து, "எங்க கீறேன்?" என்று கேட்டார். கூட வந்திருந்த அவர் மனைவி சாந்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து என்ன சாப்ட்டீங்க ஏழுமலை?"

"எப்பவும் போலதாங்க."

மௌனம். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. சாந்திதான் முதலில் உடைந்தாள். "எங்க சாப்புடறாரு டாக்டரம்மா? ரெண்டு மாசமா கஞ்சிதான். அதையும் முழுங்க மாட்டாம வெச்சுடறாரு. கேட்டா பசிக்கலன்றாரு. மாத்திரைய மட்டும் டாண்ணு போட்டுகினு கீறாரு."

"முழுங்கினா எங்க வலிக்குது?"

ஏழுமலை நெஞ்சின் நடுவே விரலை வைத்துக் காட்டினார். பிறகு, பெரிய ரகசியத்தைச் சொல்கிற மாதிரி, அந்த எரிச்சல் மருந்து வேலை செய்வதால் வருவது என்றார்.

"என்ன மருந்து?"

"வினிகருங்க. போன்ல வீடியோ வந்துச்சு. சோத்துக்கு முன்ன தண்ணில ஒரு ஸ்பூன் ஊத்திக் குடிச்சா சக்கர ஏறாதாம்."

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையில எதுக்குங்க? பட்டறையிலதான் கேன் கேனா கீதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டியில் ஊற்றுகிற அசிட்டிக் ஆசிட்டைத்தான் சொல்கிறார். சமையல் வினிகரில் இருக்கிற அதே பொருள்தான், பொய்யில்லை. ஆனால் வினிகரில் அது துளியளவு, மீதியெல்லாம் தண்ணீர். பட்டறைக் கேனில் இருப்பது கிட்டத்தட்ட முழு ஆசிட். மேலே தெறித்தால் தோலே வெந்துபோகும்.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். டாக்டரம்மா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "தொட்டியில ஆசிட் ஊத்தினா என்ன ஆகும்? எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஏழுமலை படுத்தபடியே கையை ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். "மொதல்ல தண்ணில சாயத்தக் கரைப்போங்க. நூல முக்கினா கொஞ்சமாத்தான் புடிக்கும். தண்ணி அப்பிடியே கலராவே நிக்கும். அப்ப ஆசிட்ட சொட்டு சொட்டா வுடணும். வுட்டா, தண்ணில கீற கலர் மொத்தத்தையும் பட்டு இழுத்துக்கும். தொட்டிய எட்டிப் பாத்தா வெறும் தண்ணி, கண்ணாடியாட்டம். கலர் மிச்சம் நின்னா இன்னும் கொஞ்சம் ஆசிட் வுடுவோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மேடம் ரூம்ல என் ரத்தத்தப் பாத்தேன். ரத்தம் தொட்டி, சக்கர கலரு. ஆசிட் போனா ஒடம்பு சக்கரைய இழுத்துகினு ரத்தம் தெளிஞ்சுடும்னு தோணுச்சு. மொதல்ல ஒரு மூடிதான் ஊத்தினேன், நெறைய தண்ணில. ஷேடு எறங்கல. அதான் ஆசிட்ட ஏத்தினேன், தண்ணியக் கொறச்சேன். அப்புறம் பாருங்க, எறங்க ஆரம்பிச்சுது."

எல்லாம் பொருந்திவிட்டது. ஆசிட் உணவுக்குழாயைப் புண்ணாக்கியது. புண் சாப்பாட்டை நிறுத்தியது. மாத்திரையோ பழைய ரகம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். குழாய் வெளுக்க வெளுக்க அவர் ஆசிட்டைக் கூட்டியிருக்கிறார். அவர் கண் ஷேடைச் சரியாகத்தான் பார்த்தது. வெளுத்ததற்குக் காரணத்தைத்தான் தொட்டியில் தேடிவிட்டார்.

டாக்டரம்மா இதையெல்லாம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். ஏழுமலை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப நான் பட்டினிலதான் தெளிஞ்சேனா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "கால் போயிடக்கூடாதுன்னு பண்ணேங்க."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா.

அன்றே மாத்திரையை நிறுத்தி, வேலூருக்கு அனுப்பினோம். அங்கே தொண்டை வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் வெந்து, ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஓட்டை விழுந்திருக்குமாம். நீராகாரத்திலேயே வைத்து, புண் ஆறிய பிறகு சுருங்கிய இடத்தைப் பலமுறை விரித்துவிட்டார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி. பல மாதங்கள் இப்படி ஓடின. சாந்தி அவ்வப்போது மருத்துவமனைப் பக்கம் வந்து சேதி சொல்வாள். மோர் இறங்குகிறது என்றாள். பிறகொரு நாள், குழைந்த சோறு இறங்குகிறது என்றாள்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பட்டறை ஆசிட்டை விடுங்கள். சமையல் வினிகர் நிஜமாகவே சர்க்கரையைக் குறைக்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பாத்துடலாமே" என்றார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. ஒருநாள் நாங்கள் நாலு பேர் கேன்டீன் உப்புமாவைச் சாப்பிட்டு ரத்தம் எடுத்துக்கொண்டோம். இன்னொரு நாள் அதே அளவு உப்புமா, அதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் வினிகர். இருவருக்குக் கொஞ்சம் குறைந்தது, நர்ஸ் ஒருத்திக்கு மாறவில்லை, எனக்கு ஏறியே இருந்தது. அன்று என் மாமியாரோடு ஒரு சண்டை முடித்து வந்திருந்தேன், அதுவும் காரணமாக இருக்கலாம்.

டாக்டரம்மா சிரித்தார். "நாலு பேர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது விஜயா. வினிகர் சில பேருக்கு வயித்துல இருந்து சாப்பாடு எறங்கறத மெதுவாக்கும், அதனால சர்க்கரையும் மெதுவா ஏறும்னு சொல்றாங்க. வெந்தயத்துல இருக்கற கொழகொழப்பும் கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலைதான் செய்யும். கொஞ்சம் உதவலாம். ஆனா மாத்திரை போடறவங்க எதச் சேத்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் சேக்கணும்."

தாதுக்களைப் பற்றியும் கேட்டேன். மெக்னீசியம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ரொம்ப நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு அது சிறுநீரில் போய்விடுவதும் உண்டு. அதனால் கீரை, பயறு, வேர்க்கடலை எல்லாம் சாப்பாட்டில் இருப்பது நல்லது என்றார். குரோமியத்தைக் கேட்டதற்கு, "உடம்புக்கு வேண்டியது துளிதான், அது சாப்பாட்டுலயே கெடைச்சுடும். அதுக்கு மேல மாத்திரையா போட்டா பலன் உண்டானு இன்னும் உறுதியா தெரியல" என்றார். தெரியவில்லை என்பதை இத்தனை நிதானமாகச் சொன்ன வேறு டாக்டரை நான் பார்த்ததில்லை. நந்தினி, உன்னிடம் கேட்பவர்களுக்கு நீயும் அப்படியே சொல். குறைந்த எண் வந்தால் கைதட்டுமுன், அது எதனால் குறைந்தது என்று கேட்கச் சொல்.

ஒருநாள் காலை வராந்தாவில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. கன்னத்தில் கொஞ்சம் சதை. விரல் இடுக்கில் புதிதாக ஒரு பச்சை. வெறும் வயிற்று ரத்தம் எடுத்தேன். டாக்டரம்மா தட்டோடு தானே வெளியே வந்தார். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஏழுமலை ஒரு விள்ளலை வாயில் வைத்து மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நானும் சாந்தியும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் திறந்தார். இன்னொரு விள்ளல் எடுத்தார். இரண்டு இட்லியையும் அப்படியே தின்று முடித்து, தட்டில் ஒட்டிய சாம்பாரையும் விரலால் வழித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகான ரத்தத்தை எடுத்து வைத்தேன். நிறம் எழும்பியது. நல்ல அடர்த்தியாகவே வந்தது. அவர் வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தார். குழாயைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"ஷேடு ஏறிப்போச்சே மேடம்."

பின்னாலிருந்து டாக்டரம்மா வந்தார். இத்தனை வருடத்தில் குழாயைத் திரும்பியும் பார்க்காதவர், அதைத் தாங்கியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இட்லியும் உள்ள போயிருக்கு ஏழுமலை. இந்தக் கலர் எனக்குப் புடிச்சிருக்கு."

ஏழுமலை அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப... இன்னொரு இட்லி துன்னலாமாங்க? பசிக்குது."

"சாப்புடுங்க. சர்க்கரைய நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா.